வலியில்லாத காமாலைக்குக் காரணம் தேடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். குடி, புகை எதுவும் கிடையாது. இரண்டு மாதங்களுக்கு முன் உடம்பெல்லாம் அரிப்பு தொடங்கியது. தடிப்போ கொப்புளமோ இல்லை. தோல் மருத்துவர் கொடுத்த களிம்பில் குறையவில்லை. பிறகு சிறுநீர் அடர்ந்த பழுப்பாகப் போனது, மலம் வெளிறியது, கண்கள் மஞ்சளாயின. உறவினர்கள் சொன்னபடி பத்து நாள் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருந்தார். மஞ்சள் கூடியதே தவிர குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் 11.4 என்றும், சி.ஏ. 19-9 என்ற பரிசோதனை 210 என்றும் வந்திருக்கிறது. வயிற்று ஸ்கேனில் கல் இல்லை. கல்லீரலுக்குள் பித்தக் குழாய்கள் விரிந்துள்ளன என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் வேறு படங்கள் எடுத்த பிறகுதான் என்கிறார். இது பித்தநாளப் புற்றுநோயா? வலியே இல்லாமல் புற்றுநோய் வருமா? பயாப்சி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா? அப்பாவிடம் சொல்லலாமா? இரவில் தூக்கமில்லை, டாக்டர்.
— ஆர்.எம்., கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தையும் அதனுடன் இணைத்திருந்த பரிசோதனைத் தாள்களையும் நிதானமாகப் படித்தேன். இதழ் அச்சாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் இதே பதிலை உங்கள் முகவரிக்கும் அனுப்பிவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அந்தத் தாள்களில் எதுவும் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. பித்தம் இறங்கும் வழியில் அடைப்பு இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. அடைப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில, மருந்தாலோ சிறு சிகிச்சையாலோ முழுமையாகக் குணமாகக் கூடியவை. அதே சமயம், இந்த வயதில் வலியில்லாமல் வந்து நாளுக்கு நாள் கூடும் காமாலை என்றால், புற்றுநோய் உண்டா இல்லையா என்பதைத்தான் முதலில் விசாரித்துத் தெளிய வேண்டும். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இல்லாதவரை இன்றிரவே ஓட வேண்டிய அவசரமில்லை. ஆனால் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அறிகுறிகள் ஏன் இந்த வரிசையில் வந்தன?

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை பித்தநீரைச் சுரக்கிறது. வயல்களின் சிறு வடிகால்கள் ஒன்றுசேர்ந்து பெரிய வடிகாலில் விழுவதுபோல, கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் சேர்ந்து வலது, இடது என இரு பெரிய குழாய்களாகின்றன. அவை கல்லீரலின் வாயிலில் ஒன்றாகி, வழியில் பித்தப்பையின் குழாயையும் சேர்த்துக்கொண்டு, பொதுப் பித்தநாளமாக இறங்கி, கணையத்தின் தலைப்பகுதி வழியாகச் சிறுகுடலை அடைகின்றன. இந்தப் பாதையில் எங்கே தடை ஏற்பட்டாலும் பித்தம் பின்னோக்கித் தேங்கி ரத்தத்தில் கலக்கும்.

ரத்தத்தில் சேரும் பித்தப் பொருள்கள் அரிப்பை உண்டாக்கும். கண்ணில் மஞ்சள் தெரியும் முன்பே அரிப்பு வரலாம். அதனால்தான் அப்பா முதலில் தோல் மருத்துவரிடம் போனார். தடிப்பில்லாமல் உடல் முழுதும் அரித்து, களிம்புக்கு அடங்காவிட்டால் கல்லீரல் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. இதை எல்லா வாசகர்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பிலிரூபின் (பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் மஞ்சள் நிறமி) குடலுக்குப் போக வழியில்லாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, சிறுநீர் பழுப்பாகிறது. மலத்துக்கு இயல்பான நிறம் தருவதும் இதே நிறமிதான். அது குடலை எட்டாததால் மலம் வெளிறுகிறது. ரத்தத்தில் பிலிரூபின் 2 அல்லது 3 மில்லிகிராமைத் தாண்டும்போது கண்ணின் வெண்மை மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அரிப்பு, பழுப்புச் சிறுநீர், வெளிறிய மலம், மஞ்சள் கண் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அது அடைப்புக் காமாலை என்று பரிசோதனைக்கு முன்பே ஊகித்துவிடலாம்.

வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல் திடீரென்று நகர்ந்து வழியை அடைக்கும்போது குழாய் இறுகித் துடிக்கிறது, வலிக்கிறது. கட்டியோ தழும்போ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வழியைக் குறுக்கும்போது குழாய் அதற்கு ஏற்ப விரிந்துகொடுக்கிறது, வலி தெரிவதில்லை. ஆகவே வலியில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. வலியில்லாத காமாலைக்குத்தான் காரணத்தை இன்னும் கருத்தாகத் தேட வேண்டும்.

பரிசோதனைத் தாள்கள் சொல்வது என்ன?

அப்பாவின் பிலிரூபின் 11.4இல் 9.1 நேரடி வகை. அதாவது கல்லீரல் தன் வேலையைச் செய்து பித்தத்தில் சேர்த்த நிறமி வெளியேற வழியில்லாமல் திரும்பியிருக்கிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் (பித்தக் குழாய்களில் தேக்கம் வந்தால் ரத்தத்தில் உயரும் நொதி) 620. எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் அணுக்கள் சிதைந்தால் உயரும் நொதி) 96 மட்டுமே. வைரஸ் காமாலையில் இது தலைகீழாக இருக்கும்: எஸ்.ஜி.பி.டி. பல நூறுகளுக்கும் ஆயிரத்துக்கும் மேலே ஏறும். ஆல்கலைன் பாஸ்படேஸ் ஓரளவே கூடும்.

ஸ்கேன் அறிக்கையில் நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத இரண்டு வரிகள் இருக்கின்றன. பித்தப்பை சுருங்கியிருக்கிறது, பொதுப் பித்தநாளம் இயல்பான அகலத்தில் இருக்கிறது. கல்லீரலுக்குள் குழாய்கள் விரிந்து, அதற்குக் கீழே எல்லாம் இயல்பாக இருந்தால், தடை கல்லீரலின் வாயிலிலேயே இருக்கிறது என்று பொருள். தடை கீழே, கணையத்துக்கு அருகில் இருந்தால் பொது நாளமும் விரியும்; பித்தப்பையும் வலியின்றிப் புடைத்து, கைக்குத் தட்டுப்படும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890இல் எழுதிவைத்த அடையாளம் அது. இன்றும் நாங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது அதைத் தேடுகிறோம்.

சி.ஏ. 19-9 என்ற எண்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இதன் இயல்பு அளவு 37 வரை. ஆனால் இது புற்றுநோயில் மட்டும் உயர்வதில்லை. பித்தம் தேங்கினாலே, பித்தக் குழாயில் கிருமித் தொற்று வந்தாலே, கல் அடைத்தாலே இது நூற்றுக்கணக்கில் ஏறும். அடைப்பு நீங்கியதும் இறங்கும். இன்னொரு பக்கம், ரத்த வகைக் கூறு ஒன்று இல்லாத காரணத்தால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இந்தப் பொருளே உடலில் உண்டாவதில்லை. அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் இது உயராது. ஆகவே 210 என்ற எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. இயல்பாக வந்திருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது. அடைப்பு நீங்கிப் பிலிரூபின் இறங்கிய பிறகும் இது உயர்ந்தே நின்றால் அப்போது அதற்குக் கூடுதல் பொருள் உண்டு.

காரணம் எவையாக இருக்கலாம்?

கல்லீரல் வாயிலில் வரும் பித்தநாளப் புற்றுநோயை 1965இல் அமெரிக்க மருத்துவர் கிளாட்ஸ்கின் விரிவாக விவரித்தார்; அதனால் கிளாட்ஸ்கின் கட்டி என்றும் சொல்வார்கள். பித்தநாளப் புற்றுநோய்களில் பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் வருகின்றன. மற்றவை பொது நாளத்தின் கீழ்ப்பகுதியிலோ கல்லீரலுக்குள்ளேயோ வரும். கல்லீரலுக்குள் வருபவை பெரிதாகும்வரை காமாலையே காட்டாமல் இருக்கலாம். எடை குறைவு, பசியின்மை, வலப்பக்க மேல்வயிற்றில் மந்தமான வலி என்று தொடங்கும்.

இதே இடத்தில் இதே தோற்றத்தில் வேறு நோய்களும் வரும். பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் வெளியிலிருந்து பித்தநாளத்தை அழுத்தலாம். அப்பாவின் பித்தப்பை சுருங்கியிருப்பதால் கல் கண்ணுக்குத் தப்பியிருக்கவும் கூடும். காசநோயால் வீங்கிய நிணநீர்க் கட்டிகள் அழுத்தலாம். முன்பு பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தழும்பால் குறுகலாம். அப்பாவுக்கு அது பொருந்தாது. ஐ.ஜி.ஜி.4 நோய் (உடலின் எதிர்ப்பாற்றல் பித்தக் குழாய்ச் சுவரைத் தடிக்க வைக்கும் நோய்) அவர் வயது ஆண்களுக்கு வருவதுண்டு. படத்தில் அச்சு அசலாகப் புற்றுநோய்போலவே தெரியும். ஸ்டீராய்டு மாத்திரையில் கரைந்துவிடும். பித்தப்பைப் புற்றுநோய் மேலே பரவி இங்கே அடைப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் பிரித்தறிவதுதான் அடுத்த சில நாள்களின் வேலை.

அப்பா குடிக்காதவர், புகைக்காதவர். பிறகு ஏன் இப்படி என்று மனம் கேட்கும். பித்தநாளப் புற்றுநோய் வரும் பெரும்பாலானோரிடம் தெளிவான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. பித்தக் குழாய்களின் நாள்பட்ட அழற்சி, பிறவியிலேயே பித்தநாளம் பைபோல விரிந்திருத்தல், கல்லீரலுக்குள் கற்கள், ஹெபடைட்டிஸ் பி, சி தொற்று ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் இந்தப் புற்றுநோய் மிக அதிகம். அங்கே ஆற்று மீனைப் பச்சையாக உண்பதால் உடலுக்குள் போகும் கல்லீரல் தட்டைப்புழுவே காரணம். மீனைக் கொதிக்கவைத்தோ பொரித்தோ உண்ணும் நம் வீடுகளில் அந்த அச்சம் வேண்டாம். இது தொற்று நோயும் அல்ல. அப்பாவின் தட்டையும் தம்ளரையும் யாராவது தனியே வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

படமா, ஸ்டென்ட்டா: எது முதலில்?

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்பாவின் இப்போதைய நிலையில், முதலில் படங்கள், பிறகு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) என்பதே என் கருத்து. ஸ்டென்ட் வைத்துவிட்டால் விரிந்த குழாய்கள் சுருங்கிவிடும். சுற்றியுள்ள சுவர் வீங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில் தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். அறுவைச் சிகிச்சை முடியுமா முடியாதா என்பதே சில மில்லிமீட்டர்களில் தீர்மானமாகும் இடம் இது. தவிர, கல்லீரல் வாயிலில் தடை இருக்கும்போது எந்தப் பக்கக் குழாயைத் திறப்பது என்று படம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வடியாமல் விடப்பட்ட பக்கத்துக்குள் கிருமி புகுந்தால் கடுமையான காய்ச்சல் வரும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். கட்டி உண்டா, கல்லீரலின் ரத்தக் குழாய்களைத் தொடுகிறதா, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று அது காட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அளவு) பார்த்துவிட்டே இந்த மருந்தைச் செலுத்துவார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

அதோடு எம்.ஆர்.சி.பி. (காந்தப் புலத்தால் பித்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்). ஊசியோ குழாயோ செலுத்தாமல் முழுப் பாதையையும் காட்டும். தடையின் இடமும் நீளமும் இதில்தான் நன்றாகத் தெரியும்.

கூடவே ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 அளவும், பி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது; ரத்தம் உறையத் தாமதமாகும். வைட்டமின் கே ஊசியால் அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முன்பு அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இரைப்பை குடல் மருத்துவரும், கல்லீரல் அறுவைச் சிகிச்சை நிபுணரும், படங்களைப் படிக்கும் மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பார்கள். அதன் பிறகே ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்திப் பித்தநாளத்தை எட்டும் முறை). அதன் மூலம் தடையைத் திறக்கவும், அந்த இடத்தைச் சிறு தூரிகையால் வருடி அணுக்களை எடுத்துச் சோதிக்கவும் முடியும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்று வலி, மனக்குழப்பம், ரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது பித்தக் குழாய்த் தொற்றாக இருக்கலாம். அப்போது நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் படத்துக்காகக் காத்திராமல் உடனே பித்தத்தை வடியவைப்பதுதான் உயிரைக் காக்கும்.

பயாப்சி எடுத்தால் பரவுமா?

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சு நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது. இந்தப் பயத்தால் பயாப்சியைத் தள்ளிப்போட்டு, குணமாக்கக் கூடிய காலத்தைப் பலர் இழக்கிறார்கள். பொதுவாக அந்தப் பயத்துக்கு இடமில்லை. பித்தநாளத்தின் உள்ளிருந்தே தூரிகையால் அணு எடுப்பதில் அப்படிப்பட்ட கவலை வேண்டாம். ஆனால் கல்லீரல் வாயில் கட்டிக்கு மட்டும் ஒரு கவனம் தேவை. வயிற்றுக்கு வெளியிலிருந்தோ குடல் வழியாகவோ ஊசி குத்திக் கட்டியைச் சோதித்தால் அணுக்கள் சிந்த வாய்ப்புண்டு. அறுவைக்கோ கல்லீரல் மாற்றுக்கோ வாய்ப்புள்ளவர்களுக்கு அதை நாங்கள் தவிர்க்கிறோம். எனவே யாராவது ஊசி குத்த நாள் குறித்தால், "அறுவை நிபுணர் பார்த்துவிட்டாரா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்வி.

தூரிகைப் பரிசோதனையில் புற்று அணு இல்லை என்று வந்தால் நிம்மதியடைந்து நின்றுவிடாதீர்கள். இந்தக் கட்டி நார்போல இறுகியது. அணுக்களை எளிதில் உதிர்க்காது. புற்றுநோய் இருந்தும் சுமார் பாதிப் பேருக்கு இந்தச் சோதனை இல்லை என்றே காட்டிவிடும். சந்தேகம் நீடித்தால் மறுபடி எடுப்பார்கள். அல்லது மிக மெல்லிய கேமராவைப் பித்தநாளத்துக்குள்ளேயே செலுத்தி, பார்த்து, சதை எடுப்பார்கள். படங்கள் எல்லாம் ஒரே திசையைக் காட்டினால், பயாப்சி உறுதி இல்லாமலே அறுவைக்குப் பரிந்துரைப்பதும் உண்டு. அப்படிச் சொன்னால் அவசரப்படுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

புற்றுநோய் என்றே தெரிந்தால்?

அப்போதும் செய்வதற்கு இருக்கிறது. முழுமையாகக் குணமாக்க வல்லது அறுவைதான். பித்தநாளத்தையும் அதோடு கல்லீரலின் ஒரு பாதியையும் எடுப்பார்கள். எஞ்சிய கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டும். கண்டுபிடிக்கும்போது பலருக்கு அறுவை இயலாத நிலையாகிவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் கடத்தாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. அறுவை இயலாதவர்களுக்கு ஜெம்சிட்டாபின், சிஸ்பிளாட்டின் என்ற இரு மருந்துகளின் கூட்டு 2010 முதல் அடிப்படைச் சிகிச்சை. 2022 முதல் அதோடு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. கட்டியின் மரபணுவைச் சோதித்து அதற்குப் பொருந்தும் மாத்திரை கொடுப்பதும் சிலருக்கு முடிகிறது. பரவாத சிறு கட்டியாக இருந்து, வெட்டி எடுக்க மட்டும் வழியில்லாவிட்டால், தேர்ந்தெடுத்த சிலருக்குக் கல்லீரல் மாற்றும் செய்கிறார்கள். எதுவும் இயலாத நிலையிலும் ஸ்டென்ட் வைத்து அரிப்பையும் மஞ்சளையும் குறைத்து, நிம்மதியாகத் தூங்கவும் சாப்பிடவும் வைக்க முடியும்.

கீழாநெல்லி கொடுத்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும்; அதைக் கண்ட அனுபவத்தில்தான் உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள். வழி அடைபட்டுப் பித்தம் தேங்கும்போது எந்த மூலிகையும் அந்த வழியைத் திறக்காது. இனி வேண்டாம். பத்தியமும் வேண்டாம். இட்லி, சோறு, பருப்பு, மோர், முட்டை, மீன் என்று பசிக்கேற்ப, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடட்டும். எண்ணெயும் கொழுப்பும் செரிக்காமல் போனால் குறைத்துக்கொள்ளலாம். அறுவைக்கோ மருந்துக்கோ தாங்க உடம்பில் சத்து வேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். வீட்டில் குரல் தாழ்வதை அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார். மறைத்தால் அவர் பயத்தைத் தனியாகச் சுமப்பார். இப்போதைக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்லுங்கள்: "பித்தம் போகும் வழியில் அடைப்பு இருக்கு அப்பா. என்ன காரணம்னு பார்க்கணும்." அவர் மேலே கேட்டால், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். முடிவு வரும் நாளில் மருத்துவர் அவரிடமே பேசட்டும்; நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை. கல்லீரல், பித்தநாள அறுவைச் சிகிச்சைத் துறை உள்ள மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் சென்னையில் ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் இந்தத் துறை உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் வேலூர் சி.எம்.சி.யில் பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் விண்ணப்பியுங்கள். எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஸ்கேனின் எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடும் வேண்டும். போனதும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அடைப்பு சரியாக எந்த இடத்தில்? ஸ்டென்ட் வைக்கும் முன் அறுவை நிபுணர் படங்களைப் பார்த்துவிட்டாரா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அப்பா சரியான வழியில் போய்க்கொண்டிருக்கிறார் என்று நம்பலாம். எம்.ஆர்.சி.பி. அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள். நான் பதில் எழுதுகிறேன்.